மதுரைப் பக்கம் தொண்டு நிறுவனங்களில், சமூகப் பணியில் வேலை கிடைக்குமா? என்ன படித்திருக்க வேண்டும்? சம்பளம் எப்படி?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு, "பேங்க் பரீட்சைக்காவது படியேன்" என்று வீட்டில் நச்சரிக்கும் நேரத்தில் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிளஸ் டூ மட்டும் முடித்தவர் என்றாலும் கீழே உங்களுக்கும் விஷயம் இருக்கிறது.

வேலை இருக்கிறது. ஆனால் பதவியின் பெயரையும் சம்பளத்தையும் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்தச் சம்பளம் யார் பணம்? அந்தப் பணம் எந்த மாதம் வரை வரும்? ஒருங்கிணைப்பாளர், திட்ட அலுவலர், களப்பணியாளர் என்று விசிட்டிங் கார்டில் என்ன போட்டாலும் சரி, வேலையின் ஆயுள் இந்த இரண்டு பதிலில்தான் இருக்கிறது. இதைக் கேட்டால் "சேவை மனப்பான்மை இல்லையே தம்பி" என்பார்கள் சில இடங்களில். சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

முதலில் அரசுப் பணம், ஏனென்றால் அதில்தான் தொகை வெளிப்படையாக இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்று உண்டு. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நடப்பது. இங்கே நான் சொல்லும் பணிகள் எல்லாம் ஒப்பந்தப் பணி. அந்தத் திட்டத்தின் வழிகாட்டுதல்படி பாதுகாப்பு அலுவலருக்கும் சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலருக்கும் மாதம் 27,804 ரூபாய், ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சலர்) சமூகப் பணியாளருக்கும் 18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு (அவுட்ரீச் ஒர்க்கர்) 10,592. கடைசிப் பணிக்கு பிளஸ் டூ போதும். சட்டப் பணிக்கு எல்.எல்.பி. கட்டாயம். தனியார் தொண்டு நிறுவனம் ஒன்று எம்.எஸ்.டபிள்யூ. படித்தவருக்கு என்ன தருகிறது என்று எடைபோட இந்த 18,536-ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைவென்றால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அறிவிப்பு மாவட்ட ஆட்சியர் அலுவலக இணையதளத்தில், ஆட்சேர்ப்புப் பகுதியில் வரும். விண்ணப்பப் படிவத்தை இறக்கி, நிரப்பி, சான்று நகல்களில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். வாட்ஸ்ஆப்பில் யாராவது அனுப்பும்போது கடைசி நாள் முடிந்திருக்கும். வாரம் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். மதுரையோடு நிறுத்தாமல் திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டத் தளங்களையும் சேர்த்துப் பாருங்கள். விண்ணப்பம் தள்ளுபடியாக முக்கியக் காரணம் படிப்பு அல்ல, அனுபவச் சான்று. "நன்றாகப் பணியாற்றினார்" என்று எழுதிய கடிதம் செல்லாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, திட்டத்தின் பெயர், என்ன பொறுப்பு, நிறுவனத்தின் பதிவு எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் வேண்டும். இதை வேலையை விடும்போது கேட்கலாம் என்று விடாதீர்கள். திட்டம் முடிந்து அலுவலகம் காலியானபின் கையெழுத்துப் போட ஆளே இருக்காது. வருடம் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு வழி, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவச் சமூக நலத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையம். 24 மணி நேர மையம் என்பதால் வழக்குப் பணியாளருக்கு இரவுப் பணி வரும். வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். எச்.ஐ.வி. திட்டங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர், களத்தில் புறத்தொடர்புப் பணியாளர் என்று இடங்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகள் பக்கம் போவதென்றால் எம்.எஸ்.டபிள்யூ.வைவிட, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்விப் படிப்புக்குத்தான் மதிப்பு. படித்தால் மட்டும் போதாது, அந்தக் கவுன்சிலில் பதிவு எண் வாங்கி, காலாவதியாகாமல் புதுப்பிக்கவும் வேண்டும். மனநலத்திலும் இதே கதைதான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லும் மனநல சமூகப் பணியாளர் என்றால், எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். முடித்தவர். எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவப் பிரிவு எடுத்தேன் என்பது அந்தத் தகுதி ஆகாது. கல்லூரியில் சேரும்போது இதை யாரும் சொல்வதில்லை.

வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்கள் ஒரு காலத்தில் உசிலம்பட்டி, சேடப்பட்டி, கொட்டாம்பட்டிப் பக்கமெல்லாம் நிறைய ஆள் எடுத்தன. இப்போது ஏன் குறைந்துவிட்டது என்று கேட்டால், முக்கியமான ஒரு காரணம் 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் செய்த திருத்தம். முன்பு பெரிய நிறுவனம் பணம் வாங்கி, அதைத் தாலுகா அளவில் இருக்கும் சிறிய நிறுவனங்களுக்குப் பிரித்துத் தரலாம். அது அடியோடு தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. கணக்காளர், அலுவலக ஒருங்கிணைப்பாளர் போன்றவர்களின் சம்பளம் இந்த 20-க்குள் அடங்க வேண்டும். ஆகவே இந்த வகை நிறுவனத்தில் அலுவலக வேலைதான் முதலில் ஆட்டம் காணும். சேருமுன், அவர்களின் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்கை வெளியிட வேண்டும் என்றும் விதி. நிறுவனத்தின் இணையதளத்தில் கடைசியாகக் கிடக்கும் கணக்கு நாலு வருடத்துக்கு முந்தையது என்றால், அதுவே பதில். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பதும் நல்லது. அங்கே இருப்பதாலேயே நல்ல நிறுவனம் என்று ஆகிவிடாது, ஆனால் அதிலும் இல்லாத ஒன்று "மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது" என்று போஸ்டர் அடித்தால் ஒதுங்கிப் போங்கள்.

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணத்தில் வரும் வேலைக்குச் சம்பளம் பரவாயில்லை, ஆயுள் குறைவு. 2013 கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். ஒரு வருடத்தைத் தாண்டும் திட்டம் என்றாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுதான் உச்சவரம்பு. கம்பெனி தன் திட்டங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதால், நேர்முகத்தில் சொன்ன திட்டம் உண்மையா என்று நீங்களே பார்க்கலாம்.

சொந்த வருமானத்தில், அல்லது பெரிய அமைப்பாக நிற்கும் இடங்கள் மதுரையில் உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறது. கண் மருத்துவ முகாம் அமைப்பாளர் வேலையும் அங்கே உண்டு. சமூகப் பணி படித்தவருக்குப் பொருந்தும். தானம் அறக்கட்டளை களஞ்சியம் மகளிர் குழுக்கள், வயலகம் கண்மாய்ப் பணி என்று பல மாநிலங்களில் ஆள் வைத்திருக்கிறது. சோழவந்தான் பக்கம் இருக்கும் டாடா - தானம் அகாடமியில் இரண்டு வருட வளர்ச்சி மேலாண்மைப் படிப்பும் நடக்கிறது. மனநலத்துக்கு 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை. பெயர்களைச் சொன்னது விளம்பரத்துக்கல்ல, நான் அங்கே யாருக்கும் சொந்தமும் இல்லை.

இனி, நேர்முகம். சமூகவியல் கோட்பாடெல்லாம் கேட்க மாட்டார்கள். "ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, சித்தப்பா தப்பாகத் தொடுகிறார் என்கிறது. என்ன செய்வீர்கள்?" என்பார்கள். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவேன், சித்தப்பாவை விசாரிப்பேன் என்றால் முடிந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் சொல்லாதவருக்கே தண்டனை உண்டு. விசாரணை உங்கள் வேலை இல்லை. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி வைப்பதும், திரும்பத் திரும்பக் கேட்காமல் இருப்பதும்தான் உங்கள் வேலை. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பதையும், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் மாவட்ட சமூக நல அலுவலர்தான் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

அறிக்கை எழுத வைத்தும் பார்ப்பார்கள். ஒரு தெருவுக்கு அனுப்பி, திரும்பி வந்து ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். கண்ணால் பார்த்தது, ஊர்க்காரர் சொன்னது, நீங்கள் நினைப்பது மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். "மக்கள் விழிப்புணர்வு இல்லாமல் உள்ளனர்" என்று ஒரு வரி வந்தாலே படிப்பவருக்குச் சலித்துவிடும். "அடிபம்பு வேலை செய்யவில்லை, ஊராட்சியில் மனு கொடுத்ததாக மூன்று பேர் சொன்னார்கள், மனு நகல் யாரிடமும் இல்லை" என்று எழுதினால் ஆள் வேலைக்கு ஆவார் என்று தெரியும். தமிழ் யூனிகோடு தட்டச்சு, எக்செல் இரண்டும் கட்டாயம். பைக் ஓட்டத் தெரிவதும் லைசென்சும் பட்டத்துக்குச் சமம். களம் உசிலம்பட்டி தாண்டி என்றால் பெட்ரோல் படி கிலோமீட்டர் கணக்கா, மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமா என்பதை முன்பே கேளுங்கள். மொத்தமாகத் தருபவர்கள் பெட்ரோல் விலை ஏறும்போது படியை ஏற்றுவதில்லை.

பணி ஆணையில் பார்க்க வேண்டியது: 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் பி.எஃப். உண்டு. இதைத் தவிர்க்க, ஐம்பது பேர் வேலை செய்தாலும் நாற்பது பேரைத் "தன்னார்வலர்" என்றும் சம்பளத்தை "மதிப்பூதியம்" என்றும் எழுதுவது ஒரு வழக்கம். இன்னொன்று, "கன்சல்டன்ட்" என்று போட்டு 10 சதவீதம் வரி பிடிப்பது. அப்படிப் பிடித்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள். பிடித்த பணத்தை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் தெரிந்துவிடும். நிறுவனம் கட்ட வேண்டிய பி.எஃப். பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மோசமானது ஒன்று இருக்கிறது. 18,000 வாங்கியதாக வவுச்சரில் கையெழுத்து, கையில் 12,000. மீதி "நிறுவனத்துக்கு நன்கொடை". வங்கிக் கணக்கில் முழுதாகப் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பி வாங்கும் ஆட்களும் உண்டு. எல்லா நிறுவனமும் இப்படி என்று நான் சொல்லவில்லை, நேர்மையாக நடத்துபவர்கள் கருத்துப் பகுதியில் வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம். ஆனால் நடக்காதது என்றும் சொல்லாதீர்கள். தணிக்கையில் மாட்டினால் கையெழுத்து உங்களுடையது.

"மகளிர் மேம்பாட்டு அலுவலர், பிளஸ் டூ போதும், பைக் வேண்டும், ஊக்கத்தொகை உண்டு" என்ற விளம்பரம் பெரும்பாலும் மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் வேலை. செய்யக் கூடாது என்றில்லை, சமூகப் பணி என்று நினைத்துப் போகாதீர்கள். "டார்கெட்", "சென்டர் மீட்டிங்" என்ற சொல் வந்ததும் புரிந்துகொள்ளலாம். அசல் சான்றிதழைக் கேட்டாலோ, பயிற்சிக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம் என்று பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. குழந்தைகள் இல்லத்தில் பிறந்தநாள் கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறார்களே, அது இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை நன்கொடையாளரிடம் சொல்லும் வேலை கடைசியில் புதிதாகச் சேர்ந்த சமூகப் பணியாளர் தலையில்தான் விழும். "ஒரு போட்டோதானே சார்" என்பார் அவர், நிர்வாகி உங்களை முறைப்பார். சோறு போட வந்தவர் சோறு போட்டுவிட்டுப் போனால் என்ன?

எப்போது தேடுவது என்று கேட்டால், ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மார்ச் 31-இல் முடிகின்றன. புதுத் திட்டத்துக்கு ஆள் எடுப்பது ஏப்ரலுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். ஜனவரி, பிப்ரவரியில் திடீரென்று வரும் அழைப்புகளில் பல, நிதியாண்டு முடியுமுன் பணத்தைச் செலவழித்தாக வேண்டிய மூன்று மாத வேலை. கையில் வேறு எதுவும் இல்லையென்றால் அதையும் எடுங்கள். வேலை முடியும் நாளில் அனுபவச் சான்றை வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.