மலை உச்சியில உட்கார்ந்து பருந்து எண்ணுறதால யாருக்கு என்ன லாபம்?

உங்க அப்பா ரிட்டயர் ஆனப்புறம் மார்ச் மாசம் வந்தா போதும், தஞ்சோங் துவான் லைட்ஹவுஸ் மேல போய் நாள் முழுக்க பருந்து எண்ணிட்டு வர்றாரு, பறவை முதுகுலயே ஜிபிஎஸ் மாட்டிப் பார்க்கற காலத்துல இது யாருக்குப் பிரயோஜனம்னு கேட்டிருக்கீங்க. உங்க அம்மாவும் பொலம்பிட்டுதான் இருப்பாங்கன்னு நினைக்கிறேன், எங்க வீட்லயும் அதே கதைதான். வேலையத்த வேலைன்னு சொந்தக்காரங்க வாயால கேட்டுக் கேட்டு எனக்கு புளிச்சுப் போச்சு, அதனாலதான் உட்கார்ந்து டைப் பண்றேன்.

இடம் தெரியாதவங்களுக்கு: தஞ்சோங் துவான்ங்கறது மலேசியாவுல போர்ட் டிக்சன் பக்கத்துல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற காட்டு முனை. மலைன்னு சொன்னா கேமரன் மலை பார்த்தவங்க சண்டைக்கு வருவீங்க, சரி, குன்றுன்னே வச்சுக்குங்க. ஆனா அங்கிருந்து இந்தோனேசியாவுல சுமத்ரா பக்கம் இருக்கற ரூபாட் தீவுக்கு கடல் சுமார் 38 கிலோமீட்டர்தான், அதுதான் விஷயமே. தரை சூடாகி மேல எழும்புற காத்துல ஏறி, இறக்கைய அடிக்காம சறுக்கிட்டே ஊரு ஊரா தாண்டுற பறவைங்க இதுங்க. கடல் மேல அந்தக் காத்து சரியா கிடைக்காது, சொந்த பலத்துல அடிச்சுத்தான் பறக்கணும், அதனால கடல் எங்க குறுகலா இருக்கோ அங்க வந்து தாண்டுது. தெற்க குளிர்காலத்தக் கழிச்ச தேன் பருந்து எல்லாம் பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்த வழியாத்தான் வடகிழக்கு ஆசியாவுக்குத் திரும்புது.

நான் போறப்ப காலைல ஒன்னுமே இருக்காது. கப்பல் போகும், குரங்கு வந்து பைய நோண்டும், அவ்வளவுதான். பதினொரு மணிக்கு மேல தண்ணிக்கு ஒட்டினாப்புல ஒரு புள்ளி தெரியும், அது அடிச்சு அடிச்சு வந்துட்டே இருக்கும், கரைய நெருங்க நெருங்க நம்ம கண் மட்டத்துக்கே வந்துடும், சில சமயம் நமக்குக் கீழ கூட போகும். அப்படி ஒன்னு என் தலைக்கு மேல மரத்த உரசிட்டு போச்சு, வாய் லேசா தொறந்திருந்துச்சு, மஞ்சக் கண்ணு தெரிஞ்சுது. தேன் பருந்துக்கு தலை சின்னது, கழுத்து நீளம், புறாத் தலைய பருந்து உடம்புல வச்சு தச்சாப்புல இருக்கும். குளவிக் கூட்டப் பிச்சு உள்ள இருக்கற புழுவத் தின்னுற பறவை, அதனால முகத்துல இறகு அடர்த்தியா செதில் செதிலா இருக்கும். அது காட்டு மேல வந்ததும் ஒரு எடத்துல சூடு காத்து கிடைச்சிருச்சு, இறக்கைய விரிச்சு நிறுத்திருச்சு, அப்புறம் ஒரு அடி கூட அடிக்கல, சுத்திச் சுத்தி மேல ஏறிடுச்சு. அதுக்குள்ள பின்னாடி வந்ததெல்லாம் அதே எடத்துல சேர்ந்து பெரிய வட்டம் ஆயிடுச்சு. நான் ஒவ்வொன்னுக்கும் அமுக்கி எண்ணுற கிளிக்கர எடுத்தேன், பக்கத்துல இருந்த அங்கிள், எஸ்டேட் ஆஸ்பத்திரில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு, கையப் புடிச்சாரு. "சுத்துறப்ப எண்ணாத தம்பி, ஒன்னையே மூனு வாட்டி எண்ணிடுவ. உச்சிக்குப் போனதும் வரிசையா சறுக்கிட்டு வெளிய போகும் பாரு, அப்ப அமுக்கு."

இதத்தான் வேலையத்த வேலைங்கறாங்க. நாம கும்பாபிஷேகத்துல வட்டம் போட்டா கையெடுத்துக் கும்பிடற கருடன் அந்தக் கரையிலயே குடியிருக்கு, வெள்ளை வயித்துக் கடல் கழுகும் அப்படித்தான், ரெண்டையும் கணக்குல சேர்க்கக் கூடாது. தேன் பருந்து நிறத்த நம்பவும் முடியாது, ஒன்னு கருப்பா இருக்கும், ஒன்னு வெளுப்பா இருக்கும், அதனால உருவத்தப் பார்த்துத்தான் சொல்லணும். எத்தன வந்துச்சு, எந்த நேரம், காத்து எந்தப் பக்கம் எல்லாம் எழுதணும். ஒன்னுமே வராத மணிக்கும் சைபர்னு எழுதணும்.

ஜிபிஎஸ் பத்தி. அத நான் குறை சொல்லல, சண்டைக்கு வராதீங்க. ஜப்பான்ல ஹிகுச்சிங்கற பறவை ஆராய்ச்சியாளரோட குழு தேன் பருந்து முதுகுல சாட்டிலைட் கருவி மாட்டித்தான், இலையுதிர் காலத்துல தெற்க போறப்ப கிழக்கு சீனக் கடல நேரா தாண்டுதுன்னும், வசந்தத்துல கொரியாவச் சுத்திக்கிட்டு வீடு திரும்புதுன்னும் கண்டுபிடிச்சாங்க. ஆனா கருவி மாட்டினது கொஞ்சம் பறவைக்குத்தான். அது வழியச் சொல்லும், மொத்தத்துல எண்ணிக்கை கூடுதா குறையுதான்னு சொல்லாது. அதுக்கு ஒரே எடத்துல, ஒரே முறையில, வருஷா வருஷம் யாராவது உட்கார்ந்தே ஆகணும். அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஹாக் மவுண்டன்ங்கற மலையில 1934ல ரோசலி எட்ஜ்னு ஒரு அம்மா மலையையே குத்தகைக்கு எடுத்து, பருந்து சுட வந்தவங்கள நிறுத்தினாங்க, எண்ணிக்கையும் அப்பவே ஆரம்பிச்சுது. பின்னாடி டிடிடிங்கற பூச்சி மருந்தால பறவைங்க முட்டை ஓடு மெலிஞ்ச காலத்துல இளம் பால்ட் ஈகிள், அதாவது வெள்ளைத் தலைக் கழுகு, குறைஞ்சு போனது அந்த எண்ணிக்கை நோட்டுல தெரிஞ்சுது. 1972ல அமெரிக்கா டிடிடிய தடை பண்ணுச்சு. நோட்டு ஒன்னே தடை வாங்கிக் குடுத்துச்சுன்னு நான் சொல்லல, ஆனா அந்த நோட்டு ஒரு சாட்சி. இங்க மலேசிய இயற்கைக் கழகம் 2000ல இருந்து தஞ்சோங் துவான்ல ராப்டர் வாட்ச்னு பருந்து பார்க்கற நிகழ்ச்சி நடத்துது, உங்க அப்பா அங்கதான் பழகியிருப்பாரு.

இன்னொன்னும் சொல்லிடறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். கழுகு நாப்பது வயசுல மலைக்குப் போய் அலகப் பாறையில அடிச்சு உடைச்சு, இறகப் புடுங்கி, மறுபடி முளைக்க வச்சு எழுபது வரைக்கும் வாழுதுன்னு ஒரு கதை எல்லா குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துது. சுத்தப் பொய். அலகு போனா அது எப்படிங்க சாப்பிடும், மாசக்கணக்கா பட்டினி கிடந்து செத்துத்தான் போகும். இத நம்பி ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு நிஜப் பருந்து கடல் தாண்டி வர்றத ஒரு மணி நேரம் நின்னு பார்க்க நேரம் இல்லையாம். எனக்கு இது ரொம்ப ஆத்திரம்.

மார்ச் முதல் பாதியில வெயில் நல்லா அடிக்கற நாளாப் பார்த்து உங்க அப்பாகூட ஒரு தடவ போங்க. தொப்பி, தண்ணி எடுத்துக்குங்க, குரங்குக்கு எதுவும் குடுக்காதீங்க, பதினொன்னுல இருந்து மூனு வரைக்கும் பொறுமையா இருங்க. கூட்டம் வந்துட்டா அவரால வானத்துல இருந்து கண்ண எடுக்க முடியாது, பக்கத்துல நேரத்தையும் நம்பரையும் எழுத ஒரு ஆள் தேவைப்படும். அந்த நோட்ட நீங்க வாங்கிக்குங்க.