எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் ஆய்வும் சிகிச்சையும்: செட்டிநாட்டிலிருந்து வந்த கேள்விகள்

எச்.ஐ.வி., கல்லீரல் வைரஸ் சிகிச்சை ஆய்வில் இருக்கும் நம் உறுப்பினர், காரைக்குடி வட்டாரத்தார் அனுப்பிய கேள்விகளுக்குத் தரும் பதில்கள்.

காரைக்குடி, எம்.எஸ்சி. மாணவி: அண்ணா, எம்.பி.பி.எஸ். படிக்காமல் இந்த ஆய்வுக்கு வரமுடியுமா?

தாராளமா வரலாம்மா. மருந்து எழுதத்தான் மருத்துவப் பட்டம் வேண்டும். வைரஸ் அளவு பார்ப்பது, மருந்துக்கு மசியாத மரபு மாற்றங்களைக் கண்டுபிடிப்பது, தரவை அலசுவது எல்லாம் நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம் படித்தவர்கள் செய்கிற வேலைதான். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி எடுத்தால் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். வேலூர் சி.எம்.சி.யின் வைராலஜித் துறை, சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், புனே தேசிய வைராலஜி நிறுவனம் (என்.ஐ.வி.) மூன்றையும் பார்த்து வை. இப்போதே புள்ளியியல் படி. ஆய்வகக் கைப்பழக்கம் ஆறு மாதத்தில் வந்துவிடும், புள்ளியியல் அப்படி வராது.

தேவகோட்டை, லேப் டெக்னீஷியன்: வைரல் லோடு, அதாவது வைரஸ் அளவுச் சோதனைக்கு அனுப்பும் ரத்தத்தைச் சில சமயம் "மறுபடி எடுங்க" என்று திருப்பி விடுகிறார்கள். ஏன் சார்?

முதலில் குழாயைப் பாருங்கள். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும், அது வைரஸ் மரபுப்பொருளைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். வினையையே முடக்கிவிடும். ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாய்தான் வேண்டும். ரத்தம் எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும். 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் ஜெல் பேக் வைத்தே அனுப்புங்கள், ஆனால் குழாய் அதில் நேரே படாமல் நடுவே துணியோ அட்டையோ வையுங்கள். முழு ரத்தம் குளிரில் பனிக்கட்டியாக உறைந்தால் செல்கள் வெடித்து, உள்ளிருக்கும் வைரஸ் மரபுப்பொருள் வெளியே வரும். மருந்து நன்றாக வேலை செய்கிற நோயாளிக்கும் அளவு கூடியதுபோல் காட்டும். அதை நம்பி மருந்தை மாற்றிவிட்டால் பாவம் அந்த நோயாளிதான்.

கானாடுகாத்தான், இல்லத்தரசி: ஹெபடைட்டிஸ் பி இருக்கும் என் மகனுக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தால் போதாதா?

போதாது ஆச்சி. இதைச் சென்னையிலேயே முறையாகச் சோதித்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன் குழுவின் ஆய்வு 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இந்த வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பெற்ற புளூம்பெர்க்கும் அதில் இருந்தார். 200 மி.கி. கீழாநெல்லிப் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் உறைப் புரதம் ரத்தத்தில் தெரியவில்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. கேட்கவே நல்ல செய்திதான். ஆனால் பின்னால் வேறிடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானே இறங்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். மகனுக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., வைரஸ் டி.என்.ஏ. அளவு, கல்லீரல் இறுக்கம் மூன்றையும் பாருங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயம்.

திருப்பத்தூர், மருந்தாளுநர்: ஹெபடைட்டிஸ் பி நோயாளிக்கு எச்.ஐ.வி. பரிசோதனை எதற்கு? இரண்டும் வேறு நோயாயிற்றே?

இதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. டெனோஃபோவிர், லாமிவுடின் என்ற மருந்துகள் இரண்டு வைரஸையும் அடிக்கும். எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் ஹெபடைட்டிஸ் பி-க்கு மட்டும் டெனோஃபோவிர் கொடுத்தால், அந்த ஒற்றை மருந்துக்கு எச்.ஐ.வி. பழகிவிடும். எச்.ஐ.வி.க்கு இப்போது தருவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை. சிறுநீரகம் கெடுகிறது என்று டெனோஃபோவிரை மட்டும் எடுத்துவிட்டால், எச்.ஐ.வி. அடங்கியே இருக்க, பி திரும்ப எழுந்து கல்லீரலைச் சிதைக்கும். லாமிவுடின் தனியாக நெடுநாள் தாங்காது. எடுத்தே ஆகவேண்டுமென்றால் பி-க்கான இன்னொரு மருந்தான என்டெகாவிர் சேர்க்க வேண்டும்.

ஹெபடைட்டிஸ் சி-யும் இருந்தால் சோஃபோஸ்புவிர் 400, டக்ளாடஸ்விர் 60 மி.கி., 12 வாரம். பழைய எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கு டக்ளாடஸ்விர் 90 ஆக வேண்டும். சி-யைத் தொடங்குமுன் பி இருக்கிறதா என்று பாருங்கள். சி அடங்கும்போது பி கிளம்பும். ரிஃபாம்பிசின் எடுக்கும் காசநோயாளிக்கு சோஃபோஸ்புவிர் கூடவே கூடாது, ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். கவுன்டரில் கால்சியம், இரும்பு மாத்திரை வாங்குபவரிடமும் கேளுங்கள்: வெறும் வயிற்றில் டோலுடெகிராவிரோடு சேர்த்து விழுங்கினால் அந்த எச்.ஐ.வி. மருந்து உடம்பில் சரியாக ஏறாது. டோலுடெகிராவிரை அந்த மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் முன்பு, அல்லது ஆறு மணி நேரம் பின்பு எடுக்க வேண்டும்.

சிவகங்கை, செவிலியர்: மருந்துச் சோதனையில் ஒப்புதல் வாங்கும்போது வீடியோ எடுப்பார்களாமே? எச்.ஐ.வி. நோயாளிகள் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயம்தான் சிஸ்டர். புது மூலக்கூறு மருந்துச் சோதனைகளில், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு வீடியோப் பதிவு உண்டு. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் குரல் பதிவு போதும் என்று 2019-ன் புதிய மருந்து, மருந்துச் சோதனை விதிகளே சொல்கின்றன. யாராவது கேமராவை எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவருடைய நோய் நிலையை அனுமதியில்லாமல் வெளியே சொல்லவும் கூடாது.

பள்ளத்தூர், குடும்பத் தலைவர்: தம்பிக்கு ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். தட்டு, டம்ளர் தனியாக வைக்கணுமா?

வேண்டாம் அண்ணே, ஒரே பந்தியில் உட்காரலாம். சவரப் பிளேடு, பல் துலக்கி, நகவெட்டிதான் தனித்தனியாக இருக்க வேண்டும். வீட்டில் மற்ற எல்லோரும் பரிசோதித்துக்கொண்டு, இல்லாதவர்கள் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.