ஹாம்பர்க் சரக்குக்கு ஏது தலையெழுத்து?

கேள்வி: பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். சரக்கு வாங்கும் பையருக்குப் போன மெயிலில் ‘தி கூட்ஸ் ஆர் டெஸ்டின்டு டு ஹாம்பர்க்’ என்று எழுதியிருந்தேன். மேனேஜர், “அது விதியைப் பத்திப் பேசற வார்த்தைங்க, சரக்குக்குப் போடக்கூடாது” என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வார்த்தை சரிதான் அம்மிணி. பின்னால் வந்த ‘டு’தான் தப்பு. ஊர்ப்பெயர் வந்தால் ‘டெஸ்டின்டு ஃபார் ஹாம்பர்க்’, அதாவது ஹாம்பர்க் போக வேண்டியது. ‘டு’ போட்டால் பின்னால் ஒரு வினைச்சொல் வர வேண்டும்: ‘டெஸ்டின்டு டு வின்’. அப்புறம், எழுத்தைப் பார்த்து ‘டெஸ்டைண்டு’ என்று சொல்பவர்கள் நம்ம பக்கம் அதிகம். ‘டெஸ்டின்டு’ என்று நீங்கள் எழுதியதே சரியான உச்சரிப்பு.

மேனேஜருக்கு, விதியைக் குறிக்கும் டெஸ்டினி என்ற சொல் ஞாபகம் வந்திருக்கும். இரண்டும் ஒரே வேர்தான். ‘டெஸ்டினாரே’ என்ற லத்தீன் வினைக்கு அசையாமல் நிலைநிறுத்துவது, இது இதற்குத்தான் என்று முடிவு பண்ணி ஒதுக்குவது என்று பொருள். டெஸ்டினேஷன் என்பதும் முதலில் அப்படி ஒதுக்கும் செயலைத்தான் குறித்தது. போகும் இடத்தைச் சொல்ல ‘ப்ளேஸ் ஆஃப் டெஸ்டினேஷன்’ என்று நீட்டிச் சொன்னார்கள். நாளாக நாளாக முன்பாதி உதிர்ந்து, மிச்சமே இடத்துக்குப் பெயராகிவிட்டது. நம்ம ‘விதி’யைப் பாருங்கள். கோர்ட்டில் அபராதம் விதிக்கிறார்கள், சாலைக்கு விதி இருக்கிறது, தலைக்கும் விதி இருக்கிறது. யாரோ தீர்மானித்தது என்ற ஒரே கருத்து மூன்றிலும் ஓடுகிறது.

சரக்கு விஷயத்தில் தீர்மானித்தது யார்? ஆர்டர் கொடுத்த பையர். அவ்வளவுதான்.

22 வருஷம் நானும் இதே வேலை பார்த்தவள். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டென்சில் தகட்டை வைத்து, கறுப்பு மை தொட்ட பிரஷ்ஷை ஒற்றி எடுப்பார்கள். பையர் பெயர், ஆர்டர் நம்பர், 240-ல் இது எத்தனையாவது பெட்டி, கடைசி வரியில் ஊர். மை காய்கிற வரைக்கும் பெட்டி மேல் பெட்டி அடுக்க விடமாட்டார் எங்கள் பேக்கிங் அண்ணன். ஊர் கலைந்தால் சரக்கு அநாதை என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சரக்கு இறங்குகிற துறைமுகமும் ஃபைனல் டெஸ்டினேஷனும் ஒன்றென்று நினைத்து, டாக்குமென்ட்டில் இரண்டுக்கும் உள்ள கட்டங்களில் ஹாம்பர்க் என்றே அடித்துவிட்டேன். பெட்டிகள் போக வேண்டியதோ வியன்னா குடோனுக்கு. வியன்னா இருக்கும் ஆஸ்திரியாவுக்குக் கடலே கிடையாது. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றி, ஹாம்பர்க்கில் இறக்கி, அங்கிருந்து தரை வழியாகத்தான் போய்ச்சேரும். சரக்கு 9 நாள் துறைமுகத்திலேயே கிடந்தது. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குகிற இடம் வேறு, போய்ச்சேர வேண்டிய இடம் வேறு. அதனால்தான் அந்தக் கட்டம் தனியாக இருக்கிறது.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘ஐ ஆம் டெஸ்டின்டு டு ஃபெயில் இன் மேத்ஸ்’ என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் ‘குட் யூசேஜ்’ என்று டிக் போட்டிருக்கிறார். எனக்கு மனசு சரியில்லைங்க.
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: இலக்கணப்படி டீச்சர் போட்ட டிக் சரி. ஆனால் அந்த வரி எனக்கும் உறுத்துகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் திரும்பிப் பார்த்து எழுதும்போதுதான் வரும். நம்ம ஈரோட்டில் 1887-ல் பிறந்த ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்றுக் கல்லூரிப் படிப்பை விட்டவர், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். ‘அந்தக் குமாஸ்தா ராயல் சொசைட்டிக்குப் போக டெஸ்டின்டு’ என்று இன்றைக்கு நாம் எழுதலாம், ஏனென்றால் 1918-ல் லண்டனில் உள்ள அந்த அறிவியல் சபைக்கு அவர் உறுப்பினராகிவிட்டார். 1912-ல் அவருக்கு அது தெரியாது. அடுத்த வருஷம் தன் கணக்குகளை எழுதி இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். கதை முடிந்த பிறகு போட வேண்டிய சொல்லை, பதினான்கு வயதுப் பெண் நாளைய பரீட்சைக்குப் போட்டுவிட்டாள்.

ஊழை விட வலியது எது என்று கேட்ட வள்ளுவரே, தாழாது உழைப்பவர் ஊழையும் புறங்காண்பார் என்று இன்னோரிடத்தில் சொல்கிறார். இதை அவளிடம் பாடமாக ஒப்பிக்க வேண்டாம், அந்த வயதில் காது மூடிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து, “யார் கண்ணு அப்படி முடிவு பண்ணுனது?” என்று மட்டும் கேளுங்கள். வகுப்பிலோ வீட்டிலோ யாரோ ஒருத்தர் ‘உனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பெயர் வெளியே வரட்டும்.

பிறகு அந்த வரியை மாற்றி ‘ஐ ஃபெயில்ட் இன் மேத்ஸ் திஸ் டைம்’ என்று எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே, காலாண்டுத் தாளைப் பார்த்து எந்தெந்தக் கணக்கில் மார்க் போனது என்று நம்பர் போட்டு எழுதட்டும்.