மம்லூக் சுல்தான்கள் ஆட்சிக்கு வந்தபோது அடிமைகளா?

இல்லை. மம்லூக் என்றால் போர்வீரனாக்குவதற்காக விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. "அடிமை சாட்சிகூடச் சொல்ல முடியாத சட்டத்தில் பைபர்ஸ் எப்படி சுல்தானானார்?" என்று கேட்டிருந்தீர்கள். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தானான பைபர்ஸ் அரியணை ஏறுமுன்பே விடுதலை பெற்றவர். விலைக்கு வாங்கிய சிறுவனுக்கு மதக்கல்வியும் குதிரை, வில், ஈட்டிப் பயிற்சியும் கொடுத்து, அது முடிந்ததும் விடுவிப்பதே எகிப்திய வழக்கம்.

பாடநூல்களின் 'அடிமை வம்சம்' என்ற தலைப்புதான் குழப்பியிருக்கும். டெல்லியின் இல்துத்மிஷும் விடுவிக்கப்பட்டவரே.

விடுதலைக்குப் பிறகும் எஜமானோடும் உடன் பயின்றவர்களோடும் பிணைப்பு நீடித்தது. அதுதான் உண்மையான அதிகாரம். 1249இல் பைபர்ஸின் எஜமானான எகிப்து சுல்தான் ஸாலிஹ் அய்யூப் இறந்தார். மகன் தூரான்ஷா தன் ஆட்களை உயர்த்தி, தந்தையின் மம்லூக்குகளை ஒதுக்கினார். 1250 மே மாதம் அவர்களே அவரைக் கொன்றார்கள். இந்தக் கட்டத்தை நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் விளங்கும்.

சரிபார்க்க: பைபர்ஸின் முழுப்பெயரில் 'அஸ்-ஸாலிஹி' இருக்கிறதா பாருங்கள். சுல்தானான பிறகும் பழைய எஜமானின் பெயரைச் சுமந்தார்!

ஒன்று மட்டும் கவனம். மம்லூக்கின் மகன் ஆளவே முடியாது என்று எழுதிவிடாதீர்கள். மம்லூக்காக இருந்து சுல்தானான கலாவூனின் சந்ததியினர் இடையில் சில முறை அரியணையை இழந்தும் 1382 வரை சுல்தான்களாக இருந்தார்கள், பலர் பெயரளவில்தான் என்றாலும்.