அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் எந்த விபிஎன்? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மண்ணடி, கிளியரிங் ஏஜென்சி): எங்கள் அலுவலகம் மண்ணடியிலும் கிடங்கு மணலியிலும் இருக்கின்றன. கிடங்கிலுள்ள ஒவ்வொரு கணினியிலும் விபிஎன் (இணையத்தின் வழியே அலுவலக வலையமைப்போடு இணைக்கும் பாதுகாப்பான தனிப்பாதை) செயலியை நிறுவ வேண்டுமா, ஐயா?

பதில்: வேண்டியதில்லை. இடம் மாறாத இரண்டு கட்டடங்களை இணைப்பதற்கு, இருபுறத்து ரவுட்டர்களுக்கு இடையே ஐபிசெக் என்ற விபிஎன் முறையில் ஒரு நிலையான டனல், அதாவது மறையாக்கப்பட்ட பாதை, அமைத்தால் போதும். கணினியில் அமர்பவர் எதையும் அழுத்த வேண்டியிராது. ஆனால் அதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். இரு ரவுட்டர்களும் கடையிலிருந்து வந்தபடியே 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தந்துகொண்டிருந்தால், எந்த முகவரி எந்தப் பக்கத்தது என்று தெரியாமல் போகும்; ஒரு ரவுட்டரின் முகவரி வரிசையை மாற்றியாக வேண்டும். அடுத்து, ஒரு பக்கத்திலாவது பொது ஐபி முகவரி, அதாவது இணையத்திலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி, இருக்க வேண்டும். இரு ரவுட்டர்களுக்குமே இணைய நிறுவனம் 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகளைத்தான் தந்திருக்கிறதென்றால், அவை பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு முகவரிக்குப் பின்னால் நிற்கின்றன. வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. அலுவலக இணைப்புக்கு ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (ராயபுரம், கணக்காளர்): வீட்டிலிருந்து விபிஎன் வழியாக அலுவலக டேலி கணக்கு மென்பொருளைத் திறந்தால் ஒரு வவுச்சர் போடவே வெகுநேரமாகிறது. ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளை விட்டு வயர்கார்ட் என்ற இன்னொன்றுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: சற்றே விரைவு கூடலாம், நோய் தீராது. உங்கள் டேலி வீட்டுக் கணினியில் ஓடுகிறது, தரவோ அலுவலகத்துப் பகிர்வுக் கோப்புறையில் இருக்கிறது. ஒரு வவுச்சருக்காகக் கோப்புகளைப் பலமுறை படித்தும் எழுதியும் ஆக வேண்டும்; அலுவலகத்துக்குள் ஒரு மில்லிவினாடிக்குள் முடியும் ஒவ்வொரு போக்குவரத்தும் இணையத்தின் வழியே பல மில்லிவினாடிகள் எடுப்பதால், அவையெல்லாம் சேர்ந்து காத்திருப்பாகின்றன. இதில் அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவதும் வீண். எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் தரவே கெடக்கூடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆகவே டேலியை அலுவலகக் கணினியிலேயே ஓடவிட்டு, விபிஎன்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதன் திரையை மட்டும் வீட்டுக்கு வரவழையுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை அங்கேயே விட்ட இடத்தில் நிற்கும். அந்தக் கணினியில் விண்டோஸ் ப்ரோ இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரே அமர முடியும். விபிஎன் எதற்கு என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை (நுழைவாசல் எண்) நேராக இணையத்துக்குத் திறந்துவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பணயத் தொகை கேட்கும் வைரஸ்கள் உள்ளே நுழைய விரும்பும் வாசல்களில் அது ஒன்று.

கேள்வி (எண்ணூர், களப்பணியாளர்): வைஃபையிலிருந்து மொபைல் இணையத்துக்கு மாறும்போதெல்லாம் அலுவலக இணைப்பு அறுகிறது. எது தாங்கும்?

பதில்: வயர்கார்ட் தாங்கும், மோபைக் (இணைய வழி மாறினாலும் இணைப்பை விடாமல் காக்கும்) வசதியுள்ள ஐகேஇவி2 என்ற விபிஎன் முறையும் தாங்கும். ஆனால் வயர்கார்ட் யூடிபி என்ற தரவு அனுப்பும் முறையில் மட்டுமே இயங்குவதால், அதைத் தடுக்கும் இடங்களுக்காக டிசிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பும் இன்னொரு முறை) 443 போர்ட்டில் ஓபன்விபிஎன்னையும் மாற்று வழியாக வைத்திருங்கள். அதையே அன்றாட வழியாக்க வேண்டாம்: டிசிபிக்குள் டிசிபி செல்லும்போது, சிக்னல் குறைந்த இடத்தில் இரண்டும் ஒரே இழப்புக்காக மறுபடி அனுப்ப முயன்று திணறும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): பழைய ரவுட்டரில் பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறை இருக்கிறது. தற்காலிகமாக அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அதன் கடவுச்சொல் சரிபார்ப்பை உடைக்க முடியும் என்று 2012-இலேயே காட்டிவிட்டார்கள். ஆப்பிள் 2016-இல் ஐஓஎஸ் 10-இலிருந்து அதை நீக்கியது.

கேள்வி (பெரம்பூர், அலுவலக மேலாளர்): ஊழியர்கள் அனைவருக்கும் ஒரே வயர்கார்ட் கோப்பைக் கொடுத்திருக்கிறோம். இருவர் சேர்ந்து வேலை செய்தால் இருவருக்குமே விட்டுவிட்டு வருகிறது.

பதில்: அந்தக் கோப்பில் இருப்பது ஒரு சாவி, அதாவது கருவியை அடையாளம் காட்டும் ரகசிய எண்; அதைக் கடைசியாகப் பயன்படுத்திய இடத்துக்கே வயர்கார்ட் பதிலை அனுப்பும், ஒரே சாவியுடன் இருவர் வந்தால் ஒருவருக்கான பதில் மற்றவரிடம் போய்விடுகிறது. ஒவ்வொரு கருவிக்கும், அதாவது ஒருவரின் மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும்கூட, தனித்தனிச் சாவி உருவாக்கி, எது யாருடையது என்று எழுதி வையுங்கள். அப்படியிருந்தால் ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் மற்றவர்களைத் தொடாமல் அவருடைய சாவிகளை மட்டும் நீக்கிவிடலாம். இப்போதுள்ள நிலையில் அனைவரின் கோப்பையும் மாற்றியாக வேண்டும்.