சின்ன வீட்டில் சாமிக்கு எந்த இடம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் இருப்பது 430 சதுர அடியில், ஒரு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. வடக்கு வாசல். நுழைந்ததும் கூடம், வடகிழக்கில் குளியலறை, தென்கிழக்கில் சமையலறை, தென்மேற்கில் படுக்கையறை. சாமி படங்களைச் சமையலறையில் ஃப்ரிட்ஜின் மேல் வைத்து விளக்கேற்றி வருகிறேன். ஈசானிய மூலையில்தான் பூஜை இருக்க வேண்டும் என்று மாமியார் வருந்துகிறார். வாஸ்து பார்க்கும் ஒருவர் குளியலறையை இடித்து மாற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: குளியலறையை இடிக்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள், சகோதரி. அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லா மாடிகளின் கழிவுநீரும் பெரும்பாலும் ஒரே வரிசையில் இறங்கும் குழாய்களில்தான் செல்கிறது. நடுவில் ஒரு வீட்டில் மட்டும் குளியலறையை இடம் மாற்றினால் கசிவும் மனத்தாங்கலும்தான் மிஞ்சும். சாமிக்கென்று நாம் செய்யும் காரியம் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஈரமாக இறங்கக் கூடாது.

உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். வடகிழக்கை ஈசானியம் என்று வழிபாட்டுக்கும், தென்கிழக்கை அக்கினி மூலை என்று அடுப்புக்கும் ஒதுக்குவது நம்முடைய மனையடி மரபு. ஆனால் அது சொந்த மனையில், நான்கு பக்கமும் பார்த்து, கயிறு பிடித்து, வீட்டுக்காரரே முன்நின்று கட்டிய வீட்டுக்கு ஏற்பட்ட மரபு. கட்டி முடித்த வீட்டை வாங்குகிறவருக்கு மூலையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. மூலை அமையாதபோது சாமியின் முகம் பார்க்கும் திசையையாவது கவனிப்போம் என்பதே பல குடும்பங்களில் பெரியவர்கள் கண்ட வழி. கிழக்கு பார்த்திருந்தால் மிக நன்று, இல்லையேல் மேற்கு. தெற்கு நோக்கி வைக்கலாகாது என்று வீடுகளில் சொல்வதை நானும் மதிக்கிறேன், உங்களுக்கும் அப்படி வைக்கச் சொல்லவில்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் அப்படி வைத்திருப்பவர்கள் அஞ்சி நடுங்கத் தேவையில்லை. தில்லையில் நடராசப் பெருமான் தெற்கு நோக்கித்தான் ஆடுகிறார், திருவரங்கத்தில் அரங்கநாதர் தெற்கு நோக்கித்தான் பள்ளிகொண்டிருக்கிறார், மயிலாப்பூரில் கபாலீசுவரர் மேற்கு நோக்கி வீற்றிருக்க, கற்பகாம்பாள் தெற்கு நோக்கி நின்றருளுகிறாள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது அந்த ஃப்ரிட்ஜ்தான். அதன் கதவை ஒவ்வொரு முறை சாத்தும்போதும் மேலே இருக்கும் விளக்கு அதிர்கிறது. எண்ணெய் வழிந்தால் பின்பக்கத்து மின்கம்பியின் மேல்தான் இறங்கும். சமையலறையில் 14.2 கிலோ எரிவாயு உருளையும் இருக்கும் அல்லவா? அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். ஆகவே சமையலறைத் தரையில் கோலம் போட்டு விளக்கை வைக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்திவிடுங்கள். அடுப்பங்கரையில் சாமி வைப்பது நம்மில் பல குடும்பங்களின் பழைய வழக்கம்தான், அதில் குறையொன்றும் இல்லை; ஆனால் அந்த வழக்கம் விறகடுப்புக் காலத்தில் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

நீங்கள் சொல்லும் அமைப்பில் எனக்குப் பொருத்தமாகப் படுவது கூடத்தின் மேற்குச் சுவர். அங்கே வைத்தால் சாமி கிழக்கு நோக்கி இருப்பார். மாமியாரின் மனமும் ஆறும். பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தைத் தொலைக்காட்சிப் பெட்டி பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் அதைப் படுக்கையறையை ஒட்டிய தெற்குச் சுவருக்கு மாற்றுங்கள். கூடத்தின் கிழக்குச் சுவர் குளியலறையோடு சேர்ந்த பொதுச் சுவராக இருக்குமாதலால் அது வேண்டாம். ஆசாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஈரம் ஊறும் சுவரில் மரப்பலகை உப்பிப் படங்களில் பூஞ்சை பூக்கும்.

அலமாரியை எப்படிச் செய்வது என்பதற்கு நம் பழைய வீடுகளின் மாடக்குழியே போதுமான பாடம். எங்கள் தாத்தா வீட்டு வாசல் நிலையின் இரண்டு பக்கமும் மாடக்குழி இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான், எரிவதற்கு அதில் எதுவுமில்லை. மூன்று பக்கம் சுவர் என்பதால் மாலைக் காற்று எவ்வளவு வீசினாலும் சுடர் சற்றே தலைசாய்த்து மறுபடி நிமிரும். உள்ளே மேற்புறத்தில் அரசிலை வடிவத்தில் கரி படிந்திருக்கும், வெள்ளிக்கிழமைதோறும் பாட்டி அதைப் பழந்துணியால் துடைப்பார். உங்கள் வீட்டுச் சுவரைக் குடைய வேண்டியதில்லை. தச்சரிடம் இரண்டரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் மூன்று பக்கமும் அடைத்த பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். நின்று கும்பிடுவதானால் விளக்குத் தட்டு தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும். தட்டின் மேல் ஒரு கிரானைட் துண்டைப் பதியுங்கள். கல் அறுக்கும் கடைகளில் வெட்டிக் கழித்த துண்டு மலிவாகக் கிடைக்கும். சுடருக்கு மேலே இரண்டடியாவது வெற்றிடம் வேண்டும். மணி கோத்த கதவு போட ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்; ஆனால் விளக்கு எரியும்போது ஒரு கணம்கூட அதைச் சாத்தக் கூடாது.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாடகை வீட்டில் திசையை மட்டும் பார்த்து ஜன்னலோரமாகச் சாமி பலகையை அடித்தோம். ஒரு கார்த்திகை தீபத்தன்று, வரிசையாக அகல் ஏற்றிவிட்டு வாசலுக்குப் போன நேரத்தில், காற்றில் எழுந்த திரைச்சீலை தீப்பற்றிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துச் சத்தம் போட்டதால் ஒரு குடம் தண்ணீரோடு போயிற்று. கருகிய அந்தத் துணியின் நாற்றம் அன்றிரவு முழுதும் வீட்டைவிட்டுப் போகவில்லை. தினமும் அந்தி நேரத்தில், எதையும் நகர்த்தாமல், எதையும் எண்ணி அஞ்சாமல் விளக்கேற்ற முடிகிற இடம் எதுவோ அதைத்தான் அன்றிலிருந்து நான் முதலில் தேடுகிறேன். திசையை அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன்.

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. சமைப்பது, படுப்பது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் அதில்தான். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கணவன் மனைவி படுக்கும் அறையில் சாமி வைப்பது பாவமா? வயதுக்கு வந்த மகளும் இருக்கிறாள்; மாதவிலக்கு நாள்களில் என்ன செய்வது?
– வாசகர், திருப்பூர்

பதில்: பாவமில்லை, ஐயா. இருப்பதே ஓர் அறை எனும்போது சாமியும் உங்களோடு அந்த அறையில்தானே இருந்தாக வேண்டும்?

அடுப்பு இல்லாத பக்கமாகக் கிழக்குச் சுவர் அமையுமானால் அதையொட்டி, தானே நிற்கும் ஒரு தட்டு அலமாரியை வையுங்கள். ஆணி வேண்டியதில்லை. கிழக்குச் சுவரைச் சொல்வதற்கு ஒரு வசதி காரணம். தலையைக் கிழக்கிலோ தெற்கிலோ வைத்துப் படுப்பது நம் வழக்கம். கிழக்கே தலை வைத்தால் கால் மேற்கே போகும், சாமி இருக்கும் பக்கம் கால் நீட்ட நேராது. நீங்கள் கும்பிடும்போதும் கிழக்கு நோக்கியே நிற்பீர்கள். ஒரு காமாட்சி விளக்கு, அதற்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு, குலதெய்வத்தின் ஒரு படம் போதும். விளக்கிலேயே அம்மன் உருவம் இருப்பதால் வேறு படம் இல்லாவிட்டாலும் அது முழு வழிபாடுதான். விக்கிரகம் வைக்கும் ஆசை இருந்தால், பெருவிரல் கணுவளவு முதல் ஒரு சாண் வரை என்பதே வீட்டுக்கு மரபில் சொல்லப்படும் அளவு. அதற்கு மேல் போக வேண்டாம். இரவில் ஒரு சிறு திரையை இழுத்துவிடுங்கள். விளக்கு அணைந்து, சூடு ஆறிய பிறகு மட்டும்.

மகளைப் பற்றிக் கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த நாள்களில் விளக்கேற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப வழக்கம். அவளிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் அந்தத் திரையை மூடி வைத்து, நீங்களோ மகனோ விளக்கேற்றலாம். எக்காரணத்தாலும் அவளை வாசலிலோ படிக்கட்டிலோ படுக்க வைக்காதீர்கள். வயிற்றுவலியோடு இருக்கும் பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே ஏற்றும் தீபத்தை எந்தத் தாயும் ஏற்க மாட்டாள், அம்மனும்தான்.

கேள்வி: எங்களுடையது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய மூவறை வீடு. இரண்டு படுக்கையறைகளையும் பிள்ளைகளும் நாங்களும் பயன்படுத்துகிறோம். சமையலறை அருகில் இருக்கும் பாதுகாப்பு அறையைப் பூஜை அறையாக மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தனி அறை என்பதால் மனம் அதை நாடுவது இயல்பே. ஆனாலும் வேண்டாம். 1997-இல் வந்த குடிமைத் தற்காப்புப் பாதுகாப்பிடச் சட்டத்தைத் தொடர்ந்து கட்டப்பட்ட வீடுகளில் இருக்கும் இந்த அறை, நெருக்கடிக் காலத்தில் குடும்பம் ஒதுங்குவதற்கானது. அதன் கான்கிரீட் சுவரைக் கொத்தவோ எஃகுக் கதவை மாற்றவோ கூடாது. அதைவிட முக்கியமானது காற்று. அவ்வளவு சிறிய, அடைத்த அறையில் விளக்கும் ஊதுவத்தியும் சாம்பிராணியும் சேர்ந்தால் பத்து நிமிடம் அமர்ந்து கும்பிட முடியாது. நெருக்கடியில் பிள்ளைகளோடு உள்ளே போக வேண்டிய அறை எண்ணெய்ப் பிசுக்கோடு இருப்பதும் சரியல்ல. பூஜைச் சாமான்களை அங்கே பத்திரப்படுத்தலாம், சுடர் வேண்டாம்.

கூடத்தில், ஜன்னல் திரைக்கும் நேரடி மின்விசிறிக் காற்றுக்கும் எட்டாத சுவரில், குரோம்பேட்டை வாசகிக்குச் சொன்ன பெட்டி அலமாரியையே அமைத்துக்கொள்ளுங்கள். சாம்பிராணியை வெள்ளிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டு, புகை தாழ்வாரம் வழியாக அண்டை வீட்டுக்குப் போகாதபடி பார்த்துக்கொள்வது நல்லது. எதிர்வீட்டில் கைக்குழந்தையோ மூச்சிரைப்பு உள்ளவரோ இருக்கலாம்.

கேள்வி: மாமனார் காலத்திலிருந்து சேர்ந்த இருபத்திரண்டு சாமி படங்கள் இருக்கின்றன. புதிய வீட்டில் ஓர் அலமாரித் தட்டுதான் இடம். எதை எடுப்பது என்றே தெரியவில்லை. மாமனார், மாமியார் படங்களையும் அதே தட்டில் வைக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: இத்தனை படங்கள் வைத்து வழிபடுவது நாம் நினைக்குமளவு பழைய வழக்கமல்ல. ரவி வர்மாவின் அச்சகம் 1894-இல் தொடங்கிய பிறகுதான் வண்ணத்தில் அச்சிட்ட சாமி படங்கள் சாமானியர் வீடுகளுக்குப் பெருவாரியாக வரத் தொடங்கின. பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்தவை சிவகாசி அச்சில் நாட்காட்டிகளாக வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தன. ஆண்டு முடிந்ததும் தேதித் தாள் தீர்ந்துபோகும், மேலே இருந்த முருகனைத் தூக்கி எறிய மனம் வராமல் சட்டம் போட்டு மாட்டினோம். உங்கள் இருபத்திரண்டில் பாதியாவது அப்படி வந்தவையாகத்தான் இருக்கும். அதற்கு முந்திய தலைமுறையில் எத்தனையோ வீடுகளில் ஒரு விளக்குதான் சாமி.

குலதெய்வம், இஷ்டதெய்வம், பிள்ளையார் என்று மூன்று நான்கு படங்களை வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் தம் கையால் பொட்டிட்டு வந்த படம் ஒன்று இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். மற்றவற்றை உறவினர் யாரேனும் விரும்பினால் கொடுங்கள். எஞ்சியவற்றை அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு வருவது மட்டும் வேண்டாம். மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, வெறுங்காலோடு சுற்றிவருகிற யாரோ ஒருவரின் பாதத்தைக் கிழிக்கும். சட்டத்தைப் பிரித்துக் கண்ணாடியையும் ஆணியையும் தனியே எடுத்துவிட்டு, காகிதத்தை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, கூழானதும் செடி எதுவும் இல்லாத மண்ணில் குழி தோண்டி மூடிவிடலாம்.

மாமனார், மாமியார் படங்களைத் தெய்வப் படங்களோடு சேர்க்காமல் தனியே வைப்பதுதான் மரபு. தெற்கு பிதுர்களின் திசை என்பதால் தெற்குச் சுவரில் மாட்டுங்கள். தட்டுக்குக் கீழே இன்னொரு சிறு தட்டு அடிக்க இடமிருந்தால் அதுவும் போதும். அமாவாசையன்று அந்தப் படங்களுக்கு எதிரே ஓர் இலை விரிக்கும் அளவு தரை மட்டும் காலியாக இருக்கட்டும்.