போலீஸ் அடிப்பது எப்போது சட்டப்படி சரி, எப்போது அத்துமீறல்?

கேள்வி கேட்டவர், "அடிக்காமல் விசாரித்தால் எந்தத் திருடன் உண்மையைச் சொல்வான்?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்றங்களுக்குக் கட்டுத் தூக்கும் வக்கீல் குமாஸ்தா நான். அந்த வரிக்குத்தான் முக்கியமாகப் பதில் எழுதுகிறேன்.

ஓடுகிறவனைப் பிடிக்கவும் அரிவாளை ஓங்குகிறவனை மடக்கவும் பலம் வேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கைதை எதிர்ப்பவரிடம் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்க மட்டும் அதில் இடமில்லை. பிடித்தபின், தப்பியோடாமல் தடுக்கத் தேவைப்படுவதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 46ஆம் பிரிவு. ஆள் கைக்குள் வந்துவிட்டால் லத்தியின் வேலை முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு விழும் அடி குற்றம். வாக்குமூலத்துக்காகவோ களவுபோன பொருளைக் கக்க வைப்பதற்காகவோ ஒருவரைக் காயப்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் பத்தாண்டு வரை. பழைய தண்டனைச் சட்டத்தில் 330, 331ஆம் பிரிவுகள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு. இந்தப் பிரிவை விளக்கச் சட்டமே தரும் முதல் உதாரணம் யார் தெரியுமா? குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒருவரைச் சித்திரவதை செய்யும் போலீஸ் அதிகாரி. 1860இல் சட்டம் எழுதியவர்களுக்கே யாரை எண்ணி எழுதுகிறோம் என்பது தெரிந்திருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1855இல், சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் அறிக்கை கொடுத்திருந்தது. நிலவரி வாங்குவதற்காகக் குடியானவன் விரல்களைக் கிட்டி என்ற மர இடுக்கியில் வைத்து நெரித்ததெல்லாம் அதில் இருக்கிறது. 1859ஆம் ஆண்டின் மாவட்டப் போலீஸ் சட்டம் அந்த அறிக்கையின் சூட்டில் வந்தது.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பிறகு எதற்கு அடிக்கிறார்கள்? அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. சொன்ன சொல்லைக் குப்பையில் போட்டுவிட்டு எடுத்துக் கொடுத்த நகையை வைத்துக்கொள்ளும் இந்த வாசல் இருக்கும்வரை, "மீட்பு காட்டு" என்று மேலிருந்து நெருக்குதல் வரும்வரை, லத்திக்கு வேலை இருக்கும்.

எங்கள் பக்கம் இதற்கென்றே ஒரு சூழ்நிலை உண்டு. செட்டிநாட்டு ஊர்களில் தெருத் தெருவாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள். உடையவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முகப்பைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்ற ஒரு காவல்காரர் இருப்பார். எது காணாமல் போனாலும் முதல் சந்தேகம் அவர்மேல்தான்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒன்று. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக வீட்டைத் திறந்தபோது வெள்ளிக் குத்துவிளக்கைக் காணவில்லை. காவல்காரருக்கு எழுபது வயது நெருங்குகிறது. காலையில், "சும்மா கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறோம், வாங்க பெரியவரே" என்று நிலையத்துக்கு அழைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அவர் மனைவி தூக்குச்சட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். "சோறு கொண்டு போனால் அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறார்கள், அண்ணே." நான் கூடவே போனேன். எனக்கும் அதே பதில். ஆனால் பெரியவரின் சைக்கிள் நிலையத்து வேப்பமரத்தடியில் நின்றது. கேரியரில் கட்டியிருந்த துண்டைக்கூட அந்த அம்மாள் அடையாளம் காட்டினார். வழக்குப் பதிவு இல்லை, மனு ரசீது இல்லை, அழைப்பாணை இல்லை. சாட்சியாக விசாரிப்பதென்றாலும் அந்த வயதுக்காரரை வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். எங்கள் வக்கீல் காவல் கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். இரவில் பெரியவர் வெளியே வந்தார். உள்ளங்கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. விளக்கு பிறகு பங்காளி வீட்டில் கிடைத்தது. அவர்கள் தங்கள் விசேஷத்துக்கு எடுத்துப்போய் மறந்துவிட்டார்களாம். அந்த வீட்டு ஆச்சி பெரியவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

அடி என்றைக்கும் காகிதம் இல்லாத மணி நேரங்களில்தான் விழுகிறது. "அடிக்கலாமா, கூடாதா" என்று சண்டை போடுகிறவர்கள் இதைத்தான் பார்ப்பதில்லை. கைது என்று எழுத்தில் பதிவாகிவிட்டால், கைதானவரின் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் நடக்கும் சாவுகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியாயிற்று. "விசாரணைக்கு அழைத்தோம்" என்று வாயால் சொல்லிவிட்டால் இவை எதுவுமே தொடங்குவதில்லை.

எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, 2025 ஜூனில், மடப்புரம் கோயில் காவலாளி இறந்ததும் இப்படித்தான். நகை காணவில்லை என்று ஒரு புகார். சாதாரண உடையில் தனிப்படை. கோயிலுக்குப் பின்னால் வைத்து அடித்ததை யாரோ மறைந்திருந்து எடுத்த வீடியோ. உடலில் 44 காயங்கள். வழக்கே பதியாமல் எப்படி விசாரித்தீர்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. காவல் நிலையங்கள் எல்லாவற்றிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது நல்லதுதான். அதே 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபின் அதன் அவசியம் யாருக்கும் புரியும். ஆனால் கோயில் பின்புறத்தில் கேமரா யார் வைப்பது?

போலீஸ்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. "பாத்ரூமில் வழுக்கி விழுந்த" கைதியின் மாவுக்கட்டுப் படத்தைச் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் அனுப்புகிறவர்கள் நாம்தான். புகார் கொடுக்கும் பெரிய வீட்டார், தெரிந்த அதிகாரிக்குப் போன் போட்டு, "கொஞ்சம் நன்றாகக் கவனியுங்கள்" என்பார்கள். அதற்கு என்ன பொருள் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

முன்பெல்லாம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போன செய்தி வந்தால் மூத்த வக்கீல்களின் முதல் கேள்வி, "தந்தி அடித்தாயா?" என்பதுதான். தந்தியில் விழும் நேரம் பின்னால் சாட்சி. 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுவிட்டது. இப்போது 100க்கு அழையுங்கள். கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ஆள் போன நேரத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆள் திரும்பி வந்துவிட்டால் அரசு மருத்துவமனையில் காயங்களைப் பதிவு செய்யுங்கள். "கீழே விழுந்தேன்" என்று அங்கே சொல்லிவிட்டால் வழக்கு அதோடு போயிற்று. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுத வேண்டும். திருட்டுக் கொடுத்தவர் நீங்கள் என்றால், புகாரை எழுத்தில் கொடுத்து முதல் தகவல் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் வேலைக்காரரை நிலையத்துக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.